வேண்டாத மணல்குழி

கோல்ஃப் ஆட்டத்தை நான் ஆடியதில்லை. ஆடுகிறவர் பின்னால் நடந்திருக்கிறேன். கதை எழுதுகிறவனுக்கு அது போதும். மலைவாசஸ்தலம் ஒன்றில் அப்படி ஒரு நண்பரின் பின்னால் போனபோது, முதல் அடியிலேயே அவருடைய பந்து மணல்குழியில் விழுந்தது. அடிக்கும் இடத்திலிருந்து குழி 120 கஜம் இருக்கும். நல்ல ஆட்டக்காரன் 200 கஜத்துக்கு மேல் அடிப்பான். அவன் பந்துக்கு அந்தக் குழி இருப்பதே தெரியாது. விழுகிறவர்களெல்லாம் என் நண்பரைப்போல் அறுபதைத் தாண்டியவர்களும் கற்றுக்குட்டிகளுந்தான்.

"இதை மூடிவிடக் கூடாதா?" என்று கேட்டேன்.

"இருபது வருஷமாக நான் விழுகிறேன். புதிதாக வருகிறவன் மட்டும் விழாமல் போவதாவது!" என்றார், சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே.

இந்தப் பதிலை வேறெங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். எங்கே என்ன, எல்லா வீட்டுச் சமையலறையிலும் கேட்டதுதான். 'எங்கள் காலத்தில் நாங்கள் படவில்லையா?' என்று கேட்காத மாமியார் உண்டா? பட்ட கஷ்டம் வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே அதை அடுத்தவருக்குப் பத்திரமாக எடுத்து வைக்கிறோம்.

ஸ்காட்லாந்தின் கடற்கரை மைதானங்களில் ஆதியில் இந்தக் குழிகளை யாரும் திட்டம்போட்டு வெட்டவில்லை. காற்று அரித்த பள்ளத்தில் ஆடுகள் ஒதுங்கிப் படுத்துப் பெரிதாக்கின என்பார்கள். பிறகுதான் மனிதன் மண்வெட்டியை எடுத்தான். அமெரிக்காவில் டில்லிங்காஸ்ட் என்று ஒருவர்; விங்ஃபுட் போன்ற கடினமான மைதானங்களை அமைத்துப் பெயர் வாங்கியவர். பொருளாதார மந்தத்தில் கிளப்புகள் தவித்தபோது, 1935-ல் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தின் சார்பில் ஊர் ஊராகப் போய் யோசனை சொன்னார். முக்கியமான யோசனை, வேண்டாத குழிகளை மூடுங்கள் என்பது. அவர் கணக்கில் அப்படிப்பட்டவை 7,000-க்கும் மேல்! கெட்டிக்காரனைத் தொடாமல் எளியவனை மட்டும் பிடித்துக்கொள்ளும் குழிக்குப் பராமரிப்புச் செலவு வேறு எதற்கு என்பது அவர் கட்சி. குழி வெட்டித் தேர்ந்த கையே மூடச் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் மூடிவிடலாமா? மூடினால் ஆட்டம் ஏது? தடையை விரும்பித்தானே அங்கே போகிறார்கள்! ஆனால் விளையாட வராதவன் முன்னால் வெட்டிய குழியை என்னவென்று சொல்வது?

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடிக்குப் போயிருந்தபோது இந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்தது. அங்கே 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்சோதனையில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவரை வீழ்த்தியது அவர் விரும்பிப்போன தடை. அதைப் பற்றி வழக்கில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாசலிலும் ஒரு முழ உயரப் படி ஒன்று குறுக்கே நிற்கிறதே, அது யாருடைய திறமையைச் சோதிக்க? சக்கர நாற்காலிக்காகப் போட்ட சரிவுப்பாதை இருக்கும் இடங்களில் கவனித்துப் பாருங்கள். நன்றாக நடக்கிறவர்களும் அதில்தான் ஏறுகிறார்கள். படியில் ஏறியே தீருவேன் என்று யாரும் அடம்பிடிப்பதில்லை.

இவ்வளவு தீர்மானமாக நினைத்துக்கொண்டே பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்குப் போனேன். அங்கே படிப்பாயசம் என்று ஒரு பிரார்த்தனை உண்டு. அனுமன் நதிக்கரைப் படியில் பாயசத்தை ஊற்றுவார்கள். குழந்தைகள் உட்கார்ந்து அந்தப் படியிலிருந்தே வழித்துச் சாப்பிடும். அந்தப் படியை இடி என்று எவனாவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன்.

சக்கர நாற்காலியில் வருகிற குழந்தை அந்தப் பாயசத்துக்கு எப்படி இறங்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. திரும்புகிற பஸ்ஸில், தென்காசிக் கோபுரம் கண்ணில் பட்ட பிறகுதான் தோன்றிற்று.