புதிய இரத்தம் யாருக்கு?

பிள்ளையின் இருதய அறுவைச் சிகிச்சைக்குப் பெங்களூரில் நாள் குறித்தவுடன், பாகலூர்த் தகப்பன்மார் வந்து நிற்பது பங்குக் குருவின் வாசலில்தான். "சாமி, நம்ம பசங்க நாலு பேரை அனுப்பி வையுங்க. வங்கியில கிடக்கிற பழைய இரத்தம் வேண்டாம், புதுசா எடுத்ததுதான் பிள்ளைக்கு ஏறணும்" என்பார்கள். நாமும் மறுகேள்வியின்றி அனுப்பி வந்தோம். அவ்வேண்டுகோள் நேரியதா என எண்ணத் தலைப்பட்டது பிற்பாடுதான்.

அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை. சிவப்பணுக்களைக் குளிர்ப்பெட்டியில் 35 நாள்கள், கலக்கும் கரைசலைப் பொறுத்து 42 நாள்கள் வரை காக்கலாம். நாளாக ஆக அவை நெகிழ்வை இழக்கின்றன, பொட்டாசியம் கசிகிறது. மூன்று கிலோ சிசுவின் உடலில் ஓடும் இரத்தம் ஏறக்குறையக் கால் லிட்டரே. இருதய–நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை நிரப்பவே பிறர் இரத்தம் வேண்டும். அதில் பொட்டாசியம் மிகுந்தால் இருதயத் துடிப்பே குலையும். எனவே சிசுக்களுக்கு ஒரு வாரத்துக்கு உட்பட்ட இரத்தத்தையே மருத்துவர் பலர் நாடுகின்றனர்.

வளர்ந்த பிள்ளைகளின் நிலை வேறு. இரு வாரத்துக்கு மேற்பட்ட இரத்தம் தீங்கோடு தொடர்புடையதென 2008-இல் அமெரிக்க ஆய்வொன்று கூறியது. ஆனால் 12 வயதுக்கு மேற்பட்ட இருதய நோயாளிகளிடையே 2015-இலும், தீவிர சிகிச்சையிலிருந்த குழந்தைகளிடையே 2019-இலும் வெளியான ஆய்வுகள், சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பிரிவாக்கிப் பார்த்தபோது, புதிய இரத்தத்தால் தனிநன்மை காணவில்லை.

"தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்" என்பது நம் வழக்கு. 1954 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மருத்துவர் லில்லஹை, தகப்பனின் இரத்த ஓட்டத்தோடு குழந்தையின் ஓட்டத்தை இணைத்து, தகப்பனையே இயந்திரமாக்கி இருதயத்தைத் திறந்தார். அறுவை முடிந்தது, குழந்தையோ 11 நாளில் மாண்டது. அதனினும் நம்மைத் திகைக்கச் செய்தது ஜப்பானின் அனுபவம். 1980-களில் அங்கு இருதய அறுவைக்குப்பின் உறவினரின் புத்தம்புது இரத்தம் பெற்ற சிலர் தோல் சிவந்து, காய்ச்சல் கண்டு இறந்தனர். உறவின் நெருக்கத்தால் அந்த வெள்ளணுக்களை உடல் அந்நியமென அறியவில்லை. அவை உடலையே தாக்கின. ஆகவேதான் நெருங்கிய உறவினர் இரத்தத்துக்கு இன்று கதிர்வீச்சு அளிக்க வேண்டும் என்கின்றனர். சொந்தமும் புதுமையும் சேர்ந்தால் நலம் என்ற நம் நம்பிக்கைக்கு இது எதிர்.

நம் உறுத்தல் இன்னொன்று. புதியது ஒருவருக்குப் போனால், பழையது வேறொருவருக்குப் போகும். அல்லது கெடு முடிந்து வீணாகும். தலசீமியாக் குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ஆயுள் முழுதும் இரத்தம் வேண்டும். புதியதெனில் அடுத்த ஏற்றத்துக்கு இடைவெளி நீளும். அதன் தாய் ஒவ்வொரு முறையும் நான்கு இளைஞரை எங்கே தேடுவாள்? பணத்துக்கு இரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் தடுத்தது. 1998 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. அந்த இடத்தில் பணத்துக்குப் பதிலாகச் சொந்தபந்தத்தை வைத்துக்கொண்டோமோ என ஐயுறுகிறோம். சொந்தம் சிறிதாயுள்ள ஏழைக்கு அதுவும் ஒரு விலைதான்.

இப்போதும் தகப்பன்மார் வருகின்றனர், இளைஞரை அனுப்புகிறோம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை, யாரும் கேளாமலே சென்று கொடுக்கவும் சிலரை இணங்கச் செய்தோம். அண்மையில் ஒரு தகப்பன், "இவங்க கொடுத்தது என் பிள்ளைக்குத்தானே சாமி?" என்றார். சோதனைகள் முடிந்து அது யாருக்கும் போகலாம், உன் பிள்ளைக்கு ஏறுவது முன்பின் அறியாத ஒருவர் போன வாரம் கொடுத்ததாக இருக்கும் என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்படின்னா நானும் கொடுக்கலாமா?" என்று கேட்டார்.