சோப்பு நுரை

மணியாச்சியில் அம்மாவுக்குப் புது கேஸ் அடுப்பு மாட்டியவர் இருபது நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். அடுப்பு புதுசு, டியூப் பழசு. 5 வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, முனையில் வெடிப்பு. சோப்பு நுரையைத் தடவினேன், குமிழ் குமிழாக வந்தது. ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஏஜென்சியில் புகார் சொல்லப் போனை எடுத்தேன்.

"விடுய்யா, வேகாத வெயில்ல வந்தாரு. மோர்கூடக் குடிக்கல. அவரு பொழப்பக் கெடுத்துராத."

எனக்கு எரிச்சல். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கும். அம்மா பாய் விரிப்பதும் அந்த அடுப்படித் தரையில்தான்.

ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் டெஸ்ட் பண்ணாமல் கோடை அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனவன்தானே நானும்? திங்கட்கிழமை ஒரு பக் டிக்கெட் வந்தது, அவ்வளவுதான். என் தப்பைப் பின்னால் இழுத்துக்கொள்ளலாம், சம்பளமும் குறையாது. அவர் தப்பில் வீடே எரியலாம்; அவர் வேலையோ ஒரு போன்காலில் போய்விடும். பொறுப்பு கூடக்கூடப் பாதுகாப்பு குறைகிற இந்தக் கணக்கை யார் போட்டது?

அவரையே கூப்பிட்டேன். சாயங்காலம் புது டியூப்போடு வந்தார்.

"காலைல ஸ்டாக் இல்ல தம்பி. இன்னைக்கு மட்டும் ஆறு வீடு."

"மத்த அஞ்சு வீட்டுல?"

ஸ்பேனரைப் பைக்குள் போட்டார். போன் இன்னும் என் கையில்தான் இருந்தது.