நாழிக்கிணறு யாருக்காக?



போன வருஷம் கந்த சஷ்டி, நாலாம் நாள். என் தம்பி மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகு, ரெண்டாம் நாள் ரெண்டு, இப்படியே ஏறும். விரதத்துல குறை இல்லை. ஆனா இவன் தண்ணியையும் விட்டுட்டான். குடிச்சா பலன் போயிடும்னு ஏதோ ஒரு வீடியோவுல கேட்டானாம். பூஜை முடிஞ்சு எழுந்தவன் அப்படியே சாய்ஞ்சுட்டான். வாசப்படி புருவத்துல பட்டு ரெண்டு தையல்.

பாட்டி திட்டல. "திருச்செந்தூர்ல நாழிக்கிணறு யாருக்காகடா வந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டாங்க.

சூரனோட போர் முடிஞ்சு படைவீரர்கள் தாகத்துல தவிச்சாங்க. முருகன் வேலை ஊன்றி ஊற்றை வரவழைச்சார். பக்கத்துலயே உப்புக்கடல், இங்கே மட்டும் நல்ல தண்ணி. தனக்காகப் போர் செஞ்சவங்ககிட்ட "தாகத்தையும் தாங்கு"ன்னு சுவாமி சொல்லல. சூரனைப் பிளந்த அதே வேல்தான் தண்ணிக்காகவும் மண்ணுல இறங்குச்சு. அப்புறம் நமக்கு மட்டும் ஏன் மறுப்பார்?

சோறு, குழம்பு, பழம்னு சாப்பாட்டுலயே நிறைய தண்ணி உள்ளே போகுது. சாப்பாட்டை நிறுத்தினா அதுவும் நின்னுடும். அப்போ வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே குடிக்கணும். ஐப்பசி அடைமழையில தாகமே தெரியாது, அதுதான் ஏமாத்தும். ஒரே மூச்சா வேண்டாம், மணிக்கொரு தடவை நாலு மடக்கு. இளநீர், உப்புப் போட்ட நீர்மோர், சுவாமிக்குப் படைச்ச பானகம், உங்க விரத முறைக்கு எது ஒத்துவருதோ அது. சிறுநீர் அடர் மஞ்சளாப் போனாலோ, எழுந்தா கண்ணு இருட்டினாலோ உடம்பு கேட்குதுன்னு அர்த்தம்.

விரதமே இல்லாம, காய்ச்சல் வாந்தியில சாப்பிட முடியாதவங்களுக்கும் இதேதான். ஓஆர்எஸ் பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது. ஸ்பூன் ஸ்பூனாக் கொடுங்க. எதுவுமே உள்ளே தங்கலைன்னா, சிறுநீரே போகலைன்னா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. சுகர், கிட்னி பிரச்சினை இருக்கறவங்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுட்டே காப்புக் கட்டுங்க.

தம்பி இந்த வருஷமும் மிளகு விரதம்தான். வேல் பக்கத்துல ஒரு செம்புத் தண்ணி இருக்கு. அது காலியானா பாட்டி ரொப்பி வெச்சுடுறாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!