குடி பாதகமா, பிணியா?

பஞ்சமா பாதகங்கள் எவை என்று கேட்டால், அறநெறிப் பாடசாலைக்குச் செல்லும் சிறு பிள்ளையும் கொலை, களவு, கள், காமம், பொய் என்று தயங்காது சொல்லும். அதே பிள்ளையின் தாய் சில வேளை மறுநாட் காலையில் தகப்பனைக் கூட்டிக்கொண்டு தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் பஸ் ஏறுகின்றாள். பாதகம் செய்தவருக்கு வைத்தியம் எதற்கு? அவர் நோயாளிதான் எனில் அவரைப் பாதகர் என்பது எங்ஙனம் பொருந்தும்? இக்கேள்வி ஏட்டுச் சுரைக்காயன்று. சுன்னாகம் சந்தையைச் சூழவுள்ள எந்த ஒழுங்கையிலும் இதற்கு விடை தெரியாமல் தவிக்கும் வீடு ஒன்றாவது இருக்கும். முன்னர் கள்ளும் கசிப்பும் மட்டுமே பேசப்பட்ட இடத்தில், 2009இல் யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பின்னர் சாராயமும் பியரும் பெருகின. கேரள கஞ்சா, மாவா, ஹெரோயின், ஐஸ் என்னும் சொற்களும் பாடசாலைப் பிள்ளைகளின் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டன.

உலக சுகாதார ஸ்தாபனம் 1992இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் போதைப்பொருளில் தங்கியிருத்தலுக்கு ஆறு அடையாளங்கள் கூறப்பட்டன. அடக்கவொண்ணாத வேட்கை, தொடங்கினால் நிறுத்த முடியாமை, நிறுத்தினால் உடல் படும் துன்பம், வரவர அளவு கூடுதல், ஏனைய கடமைகளில் நாட்டமின்மை, கேடு வருவது தெரிந்தும் தொடர்தல் என்பனவே அவை. ஓராண்டுக்குள் இவற்றுள் மூன்று ஒருங்கே காணப்படின் அது நோயாகும். கோயில் வீதியில் தேர்த் திருவிழாவன்று மட்டும் குடித்துவிட்டு ஆடுபவர் இக்கணக்கில் வரமாட்டார். அவர் செய்வது வெறும் ஒழுக்கக்கேடு. அதைத் தட்டிக் கேட்க ஊருக்கு முழு உரிமையும் உண்டு. (மதுக்கடைக்காரரின் உபயத்தில் இரவு இசைக்குழு வைத்துவிட்டுக் காலையில் மதுவொழிப்புப் பிரசங்கம் வைக்கும் ஆலயங்களும் சற்றுச் சிந்திக்க வேண்டும்.) காலையில் கை நடுக்கம் தீர்வதற்காகவே குடிப்பவர் வேறு. இருவரையும் ஒரே கோலால் அளப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

சிகிச்சை பெற்று விட்டவர் மீண்டும் குடித்தால், “எல்லாம் வீண், இவன் திருந்தமாட்டான்” என்று சொல்லாத உறவினர் அரிது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மக்லெலனும் அவருடைய குழுவினரும் ஒரு மருத்துவ இதழில் இதனை ஆராய்ந்து எழுதினர். சிகிச்சைக்குப் பின் ஓராண்டினுள் 40 முதல் 60 சதவீதமானோர் மீண்டும் பாவனைக்குத் திரும்புகின்றனர் என்றும், நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், தொய்வு முதலிய நோயாளர் வைத்திய ஆலோசனையைக் கைவிட்டு மீளவும் நோய் முற்றும் அளவோடு இது ஒப்பிடத்தக்கது என்றும் அவர்கள் காட்டினர். சீனி வருத்தக்காரர் பிள்ளையார் கதை முடிவில் இரண்டு மோதகம் கூடுதலாக உண்டு சீனி ஏறிவிட்டால் அவரைப் படலைக்கு வெளியே நிறுத்துவோர் இல்லை. மருந்தைக் கூட்டுகிறார்கள், வாயைக் கட்டச் சொல்கிறார்கள்.

அப்படியானால் குற்றமே இல்லையா? தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போயிற்று, மனைவியின் கை முறிந்தது, பிள்ளை பாடசாலையை விட்டு நின்றது. இவற்றையெல்லாம் நோயின் தலையில் ஏற்றிவிட்டு ஒருவர் நிம்மதியாக இருக்கலாமா? சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் நல்லதொரு வழியைத் தருகின்றது. செம்பிற் களிம்பு போல ஆணவ மலம் ஆன்மாவின் அறிவு, இச்சை, செயல்களை மறைக்கிறதேயன்றி அழிப்பதில்லை. களிம்பு ஏறியது செம்பின் குற்றமன்று. ஆயினும் துலக்கப்பட வேண்டியது செம்புதான். நோய் வந்ததற்கு ஒருவரை முழுமையாகப் பொறுப்பாக்குவது நியாயமன்று. பரம்பரை, இளமையிற் கிடைத்த சேர்க்கை, யுத்தத்தில் கண்ட சாவுகள் என்று அதற்குக் காரணங்கள் பல. நோய் என்று தெரிந்த பின் சிகிச்சைக்குப் போவதும் போகாததும், அடித்த கைக்கு ஈடு செய்வதும் செய்யாததும் அவருடைய பொறுப்பே. மறைக்கப்பட்ட அறிவும் அறிவுதான்.

இனி ஆலயத்தோடு நேரே தொடர்புடைய ஒரு வழக்கத்துக்கு வரலாம். குடிப்பவரைக் கூட்டி வந்து, மூலஸ்தானத்துக்கு முன் கற்பூரம் கொளுத்தி, “இனித் தொடமாட்டேன்” என்று சத்தியம் செய்விப்பது ஊர் வழமை. நோக்கம் தூயது. சிலருக்கு அது பலித்தும் இருக்கிறது. பலிக்காதவருக்கோ, சத்தியம் பிழைத்த மறுகணம் கோயில் வாசலும் அடைபட்டுவிடுகிறது. குடித்தவர் என்ற நாணத்தோடு தெய்வத்துக்குப் பொய் சொன்னவர் என்ற பயமும் சேர, அவர் வீதியால் போவதையே தவிர்க்கிறார். அவரை மீட்கக்கூடிய ஓரிடம் இவ்வாறு இழக்கப்படுகிறது.

இவ்வழக்கத்தில் உடலுக்கும் ஆபத்து உண்டு. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் கந்தசஷ்டி விரதம் என்று ஒரேயடியாக நிறுத்தினால் முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களில் இல்லாத உருவங்கள் தெரியும், இல்லாத குரல்கள் கேட்கும், ஆள் இடம் தெரியாது பிதற்றுவார். இதைப் பேய் பிடித்ததென்று நூல் கட்டவும் வேப்பிலை அடிக்கவும் கொண்டு போவோர் இன்றும் உளர். உண்மையில் அது உயிரைப் பறிக்கக்கூடிய மருத்துவ அவசர நிலை. வைத்தியசாலையில் டயசிபாம் போன்ற மருந்தை அளவாகக் கொடுத்துச் சில நாட்களிற் குறைத்து, விற்றமின் பி1உம் ஏற்றினால் பெரும்பாலும் ஆபத்தின்றிக் கடக்கலாம். ஹெரோயினை விடுவதில் துன்பம் மிகுதி, உயிராபத்து குறைவு. ஆனால் சிலகாலம் விட்டிருந்தவர் பழைய அளவையே மீண்டும் எடுக்கும்போது உடல் தாங்காது மூச்சு நின்றுவிடும். மறியலிலிருந்து வெளிவருவோருக்கு இந்த ஆபத்து மிக அதிகம்.

ஒளித்து மருந்து கொடுப்பது இன்னொரு வழக்கம். டென்மார்க் ஆய்வாளர் ஹால்ட், ஜேக்கப்சன் ஆகியோர் 1948இல் அறிவித்த டைசல்ஃபிரம் என்னும் மாத்திரை, குடித்தால் வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் உண்டாக்கும். அறிந்து விழுங்குபவருக்கு அது வேலி. அறியாமற் குழம்பிற் கலந்து கொடுத்தால் அது நஞ்சுக்கு ஒப்பாகலாம். கலந்தவள் கண்ணீரோடுதான் கலந்திருப்பாள். ஆயினும் அவருடைய மனம் சம்மதியாமல் உடலை மட்டும் தடுப்பது நிலைப்பதில்லை.

வியட்நாம் யுத்தத்தில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படையினரை லீ ரொபின்ஸ் என்னும் பெண்மணி 1970களில் ஆராய்ந்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களுள், ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ 5 சதவீதத்தினர் மட்டுமே. இடமும் கூட்டும் மாறியது அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. யாழ்ப்பாணத்தவர் நிலை இதற்கு மறுதலை. யுத்தம் நடந்ததே வீட்டு முற்றத்தில். திரும்பிப் போக வேறு ஊர் இல்லை. போரின் கூட்டு மனவடு பற்றி விரிவாக எழுதிய யாழ்ப்பாண உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மதுப்பாவனை பெருகியதையும் அதன் விளைவுகளுள் ஒன்றாகக் கண்டார். சிகிச்சை முடித்து வருபவர் இறங்குவது அதே சந்தியில், அதே கூட்டாளிகள் நிற்கும் மதிலடியில். ஊரை மாற்ற முடியாதெனில் ஊருக்குள்ளே வேறோர் இடம் வேண்டும். கணவரின் நினைவாக 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, நோயாளியோடு குடும்பத்தவருக்கும் சிகிச்சை அளிப்பது இதனாற்றான்.

குடும்பத்தவர் எவ்வளவு இரங்குவது, எங்கே உறுதியாக நிற்பது? திலகவதியார் வரலாற்றை இக்கண்ணோடு ஒருமுறை வாசிக்கலாம். சூலை நோயால் துடித்த தம்பி ஆளனுப்பியபோது அவர் சமணப் பள்ளிக்கு வர மறுத்துவிட்டார். அது கல்நெஞ்சமன்று. தம்பி இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தபோது, போன காலத்துக்குக் கணக்குக் கேட்கவுமில்லை. திருநீறு கொடுத்தார், விடியுமுன் அலகும் சாணமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கூட்டிப் போனார். குடிக்கக் காசு கொடுக்க மறுக்கும் மனைவி, குற்ற உணர்வின்றி மறுக்கலாம். வைத்தியசாலைக்கு வருகிறேன் என்று அவர் சொல்லும் நாளில் பழைய கதை பேசாதிருப்பதே கடினமான பகுதி.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம், அதற்கடுத்துச் சூது, அதற்கடுத்த 95ஆம் அதிகாரம் மருந்து. அம்மருந்து அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் நோயாளி, வைத்தியன், மருந்து ஆகிய மூன்றோடு நில்லாமல், உடனிருந்து பராமரிப்பவனையும் நான்காவதாகச் சேர்க்கிறார். தெல்லிப்பழையில் முதல் மூன்றும் உண்டு. நான்காவது ஆள் ஊரிலிருந்துதான் வரவேண்டும். ஆயுள் முழுவதற்குமான சத்தியத்துக்குப் பதிலாக, “இன்று தொடவில்லை, நாளைக் காலைப் பூசைக்கும் வருவேன்” என்று மட்டும் சொல்ல விடலாம். பூ எடுக்கவோ, வீதி கூட்டவோ, மடைப்பள்ளிக்கு விறகு கொத்தவோ ஒரு சிறு தொண்டைக் கொடுக்கலாம். அவர் வராத காலையில், ஏன் வரவில்லை என்று அதட்டாமல், யாராவது ஒருவர் படலையடியில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கலாம்.