பிரயோஜனம் என்ன?



இன்னிக்கு ஒரு சின்னக் கேள்வியைப் பத்தி உங்களோட பேசணும். நாம தினமும் கேட்கிற கேள்விதான்: "இதனால என்ன பிரயோஜனம்?"

ஒரு கோர்ஸில் சேரும்போது, ஒரு போன் வாங்கும்போது, வேலை மாறும்போது இந்தக் கேள்வியைக் கேட்டே ஆகணும். அதில் தப்பே இல்லை. ஆனா ஒரு உயிரைப் பார்த்தும் இதே கேள்வியைக் கேட்கிறோமே, அது சரியா? பிரயோஜனம் இருந்தால்தான் ஒரு உயிர் மேல நமக்கு இரக்கம் வரணுமா?

என்னை இப்படி யோசிக்க வச்சது வௌவால்கள். ஆமாங்க, வௌவால்தான். சிரிக்காம மேல படிங்க.

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டினில். ஊரின் நடுவில் ஆற்றைத் தேக்கி ஒரு ஏரி மாதிரி வச்சிருக்காங்க. அதன் மேல் காங்கிரஸ் அவென்யூ பாலம். மேலே கார், பஸ், சைக்கிள் எல்லாம் ஓடும். அடியில், கோடை உச்சத்தில், சுமார் 15 லட்சம் வௌவால்கள் தங்கும். இந்த நகரத்து மனிதர்களோட எண்ணிக்கையைவிட அது அதிகம்!

இவை மெக்சிகன் ஃப்ரீ-டெயில்ட் என்ற சின்ன வகை. ஒண்ணோட எடை சுமார் 12 கிராம்தான். டிவி ரிமோட்டுக்குப் போடுவோமே சின்ன பேட்டரி, அந்த எடை. குளிர்காலத்தில் பெரும்பாலானவை மெக்சிகோவுக்குப் போய்விடும். மார்ச் மாதம் திரும்பி வரும். வருவதில் பெரும்பாலும் பெண் வௌவால்கள். ஜூன் மாத வாக்கில் ஆளுக்கு ஒரு குட்டி போடும். ஒரு வகையில் அந்தப் பாலத்தின் அடி ஒரு பெரிய பிரசவ வார்டு.

சூரியன் மறையும் நேரத்தில் ஜனங்கள் பாலத்தின் நடைபாதையிலும் கரைப் புல்வெளியிலும் வந்து கூடுவாங்க. குழந்தைகள், வயசானவங்க, வெளியூர்க்காரங்க எல்லாரும் இருப்பாங்க. முதலில் நாலைந்து வௌவால் வரும். "அவ்வளவுதானா?"ன்னு யாராவது கேட்பாங்க. அப்புறம் ஒரு இடுக்கிலிருந்து கரும்புகை மாதிரி ஒரு ஓட்டம் கிளம்பும். பிறகு அடுத்த இடுக்கு, அதற்கடுத்த இடுக்கு. எல்லாம் சேர்ந்து கிழக்குப் பக்கமா ஆற்றின் மேலேயே நீளமா போகும். கூட்டத்தில் அதுவரை இருந்த பேச்சு தானாகவே நின்னுடும்.

இன்னிக்கு இப்படி ரசிக்கிற இதே ஊர் ஒரு காலத்தில் இந்த வௌவால்களை ஒழிக்கணும்னு கேட்டிருக்கு. 1980 வாக்கில் பாலத்தைச் சீரமைச்சுக் கட்டினப்போ, கான்கிரீட்டுக்கு நடுவே குறுகலான, ஆழமான இடைவெளிகள் விட்டாங்க. வெயிலுக்கு கான்கிரீட் விரியும் இல்லையா, அதுக்காக. எந்த இன்ஜினியரும் வௌவாலை நினைச்சு அதை டிசைன் பண்ணலை. ஆனா குட்டி வளர்க்கத் தேவையான சூடும் இருட்டும் அங்கே இருந்தது. ஆயிரக்கணக்கில் வந்து குடியேறின.

ஊர் பயந்துபோச்சு. வெறிநோய் பரப்பும் என்று செய்தி ஓடியது. இவற்றை அழிக்கணும்னு மனு எழுதினாங்க. அந்த நேரத்தில், 1986இல், மெர்லின் டட்டில் என்ற வௌவால் ஆய்வாளர் தன் வௌவால் பாதுகாப்பு அமைப்போடு ஆஸ்டினுக்கே குடிவந்தார். அவர் யாரையும் திட்டலை. படங்களைக் காட்டி, பொறுமையா விளக்கினார். கையால் தொடாதவரை ஆபத்து மிகக் குறைவு. ஒவ்வொரு ராத்திரியும் இவை தின்னும் பூச்சிகளோ ஏராளம் என்று சொன்னார். ஊர் மெல்ல மாறியது. இன்னிக்கு வௌவால்தான் ஆஸ்டினின் பெருமை.

இப்போ கவனிங்க. வௌவால்களைக் காப்பாத்தினது எது? பிரயோஜனம்தான். இந்தக் கூட்டம் ஒரே இரவில் 4,500 கிலோவிலிருந்து 13,500 கிலோ வரை பூச்சி தின்னும் என்று மதிப்பிடுறாங்க. தெற்கு டெக்சாஸின் 8 மாவட்டங்களில் பருத்திக் காடுகளுக்கு இந்த வகை வௌவால்கள் செய்யும் உதவிக்கு 2006இல் ஆய்வாளர்கள் விலையே போட்டாங்க: வருஷத்துக்குச் சுமார் 7,40,000 டாலர். அதற்கு மேல் சுற்றுலா வருமானம் வேற.

போன ஜூலையில் ஒரு நாள் பாலத்தில் நின்னு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். எனக்கு ராத்திரி எட்டரை, கோயம்புத்தூரில் காலை ஏழு மணி. அப்பா 32 வருஷம் லேத் பட்டறையில் நின்னவர். பக்கவாதம் வந்து வலது கை இப்போ சரியா வேலை செய்யாது. ஸ்கிரீனை உத்துப் பார்த்துட்டு கேட்டார்:

"இத்தனையா! இதுகளால என்ன பிரயோசனம் கண்ணு?"

"டன் கணக்குல பூச்சி திங்குதுங்கப்பா. பருத்திக்காட்டுக்கு ரொம்ப நல்லதுங்க."

"பரவால்லியே. வௌவாலுக்கே ஒரு பிரயோசனம் இருக்குது. நாந்தான் சும்மா உக்காந்து தின்னுட்டு இருக்கறேன்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரலை. வௌவாலைத் தூக்கி நிறுத்தின அதே தராசு அப்பாவைக் கீழே இறக்கிடுச்சு. அந்தத் தராசு ஒண்ணுதான் நம்ம கையில் இருக்குன்னா, அதில் ஏறி நிற்க எல்லாருக்கும் ஒரு நாள் முறை வரும். ஆபீஸில் வருஷா வருஷம் ரேட்டிங் வாங்குற நமக்கு இது புதுசில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கு. பிரயோஜனம் என்பது ஒரு கழித்தல் கணக்கு. லாபத்திலிருந்து நஷ்டத்தைக் கழிச்சா வருவது. நஷ்டம் கூடினதா தோணினாலே விடை மைனஸ் ஆயிடும். 2020இல் கொரோனா பயம் பரவினப்போ, பெரு நாட்டில் ஒரு கிராமத்துக்காரங்க தீப்பந்தத்தோட வௌவால்கள் மேல பாய்ஞ்சாங்க. அரசு அதிகாரிகள் போய் சுமார் 200 வௌவால்களை மீட்டாங்க. "வௌவால்தான் பூச்சியையும் கொசுவையும் தின்னுது, கொல்லாதீங்க"ன்னு திரும்பவும் பிரயோஜனத்தைச் சொல்லித்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. நேத்து வரைக்கும் பூச்சி தின்ன அதே உயிர்தான். அது எதுவும் மாறலை. நம்ம கணக்கு மட்டும் மாறிடுச்சு.

இதை ஆபீஸ் நண்பர் ஒருத்தர்கிட்ட சொன்னேன். அவர் விடலை. "தம்பி, அந்தப் பூச்சிக் கணக்கைச் சொல்லலைன்னா ஆஸ்டினில் எப்பவோ மருந்து அடிச்சுக் கொன்னிருப்பாங்க. உன் தத்துவத்தால ஒரு வௌவால் பிழைச்சிருக்குமா?"

நியாயமான கேள்வி. பயந்துபோய் நிற்கிற ஒரு ஊர்கிட்ட "எல்லா உயிரும் சமம்"னு பிரசங்கம் பண்ணினா யாரும் கேட்க மாட்டாங்க. நான் அங்கே இருந்திருந்தாலும் பூச்சிக் கணக்கைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா, அடுத்தவங்களைச் சம்மதிக்க வைக்கிற காரணமும், நாம ஒரு உயிரை மதிக்கிற காரணமும் ஒண்ணா இருந்தே ஆகணுமா?

இதற்கு எனக்குக் கிடைச்ச நல்ல பதில் அதே டெக்சாஸில், ஹூஸ்டனில் நடந்தது. 2022 டிசம்பரில் திடீர்னு கடும் குளிர். அங்கேயும் ஒரு பாலத்தடியில் லட்சக்கணக்கில் இதே வகை வௌவால்கள் உண்டு. உடம்பில் கொழுப்பு அதிகம் இல்லாத உயிர். குளிரில் விறைச்சுப் பிடி தளர்ந்து, கான்கிரீட் தரையில் நூற்றுக்கணக்கில் விழுந்தன. விலங்கு மீட்பு அமைப்பு ஒன்றின் ஆட்கள் போய் ஒவ்வொண்ணா எடுத்தாங்க. இன்குபேட்டரில் வச்சு சூடேத்தி, நீர்ச்சத்து கொடுத்தாங்க. பக்கத்து ஊர்ப் பாலத்தில் விழுந்ததையும் சேர்த்து 1,500-க்கும் மேல. வைக்க இடம் போதாம, அமைப்பின் வனவிலங்குப் பிரிவை நடத்தும் பெண்மணி தன் வீட்டுப் பரணிலேயே தங்க வச்சார். குளிர் விட்டதும், சில நாளில் திரும்பக் கொண்டுபோய்ப் பறக்க விட்டாங்க.

இங்கே பிரயோஜனக் கணக்கைப் போட்டுப் பாருங்க. லட்சக்கணக்கான கூட்டத்தில் 1,500 போனால் பூச்சித் தொகையில் ஒரு மாற்றமும் தெரியாது. அதுவும் விறைச்சுக் கிடக்கிற வௌவால் ஒரு பூச்சிகூடத் தின்னாது. கணக்குப்படி விட்டுடலாம். ஆனா கீழே விழுந்து கிடக்கிறதைப் பார்த்தவங்க கணக்கு போடலை, குனிஞ்சு எடுத்தாங்க.

நம்ம தமிழ்நாட்டிலும் இது இருக்கே. ஊர் ஆலமரத்தில் தொங்குற பழந்தின்னி வௌவால்கள் மிரண்டுடும்னு தீபாவளிக்கு வெடி வெடிக்காத கிராமங்கள் இருக்கு. அந்த ஊர்க் குழந்தைகளுக்கும் வெடி ஆசை இருக்கத்தானே செய்யும்? அவங்க டாலரில் விலை போட்டுப் பார்த்துட்டா அந்த ஆசையை விட்டுக்கொடுத்தாங்க? அது தங்கள் ஊர் உயிர். அவ்வளவுதான்.

நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். பிரயோஜனம் ஒரு சிபாரிசுக் கடிதம் மாதிரி. தெரியாத ஒருத்தரை உள்ளே விட அது உதவும். உள்ளே வந்தவர் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பிச்ச பிறகும் அந்தக் கடிதத்தையே புரட்டிக்கிட்டு இருந்தா, அது உறவு இல்லை. ஆஸ்டின்காரங்க பூச்சிக் கணக்கைக் கேட்டுத்தான் வௌவாலை உள்ளே விட்டாங்க. ஆனா இன்னிக்குப் பாலத்தில் வந்து நிற்கிறவங்களில் யாரும் பருத்தி விலையை நினைச்சு நிற்கலை. பக்கத்தில் நின்னு அவங்க முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஒரு காலத்தில் உழைச்சதுக்காகவோ, நாளைக்கு உதவுவார் என்பதற்காகவோ அப்பா எனக்கு வேணும்னு இல்லை. வலது கை வேலை செய்யாம, காலை ஏழு மணிக்கு ஸ்கிரீனை உத்துப் பார்த்து வௌவாலைப் பத்திக் கேள்வி கேட்கிற அந்த மனுஷன்தான் எனக்கு வேணும். இதற்குக் காரணம் கேட்டா என்னால் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய தேவையும் இல்லைன்னு இப்போ நினைக்கிறேன்.

உங்க வீட்டிலும் "நான் யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது"ன்னு அடிக்கடி சொல்ற ஒருத்தர் இருப்பாங்க. அவங்ககிட்ட "நீங்க இன்னும் எவ்வளவு உபயோகமா இருக்கீங்க தெரியுமா"ன்னு பட்டியல் போட்டு ஆறுதல் சொல்லாதீங்க. அந்தப் பட்டியல் ஒரு நாள் தீர்ந்துடும். சும்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ குடிங்க. தூரத்தில் இருந்தா, ஒரு காரணமும் இல்லாம போன் பண்ணுங்க. "எதுக்குப்பா கூப்பிட்டே?"ன்னு கேட்டா, "சும்மாதான்"னு சொல்லுங்க.