புதரில் அசைவது எது?

அறநெறி இறையியல் நூல்களில் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. புதரில் ஏதோ அசைகிறது. மானாக இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம். பெரும்பாலும் மான்தான் என்று வேடன் எண்ணினாலும், ஐயம் நீங்காதவரை அவன் அம்பு எய்யலாகாது என்பது நூலோர் முடிபு.

உயிரியல் இன்று அதே புதரின் முன் நிற்கிறது. நம் மரபுச் சுவடியாகிய டி.என்.ஏ. ஏறத்தாழ 300 கோடி எழுத்துகளால் ஆனது. எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எப்போது உறங்க வேண்டும் என்பதைச் சில புரதங்கள் அச்சுவடியின் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொண்டு முறைப்படுத்துகின்றன. அவை பற்றும் சொல்லோ மிகச் சிறியது. 'காட்டா-1' என்னும் புரதம் தேடுவது ஆறே எழுத்துகள். நான்கே எழுத்துகள் உள்ள மொழியில், குறிப்பிட்டதோர் ஆறெழுத்துச் சொல் தற்செயலாகவே சராசரியாக 4096 இடங்களுக்கு ஒருமுறை வந்துவிடும். ஆகவே கணிப்பொறியைக் கேட்டால் பல இலட்சம் இடங்களைச் சுட்டுகிறது. உயிருள்ள அணுவிலோ, அப்புரதம் அவற்றுள் மிகச் சிலவற்றையே பற்றுகிறது. பற்றிய இடத்திலெல்லாம் பணி நடப்பதும் இல்லை. (எங்கள் பங்கில் 'அந்தோணிசாமி' என்று அழைத்தால் பத்துப் பேர் திரும்புவார்கள், கடிதம் ஒருவருக்கே உரியது.)

உண்மையான இடங்களுள் ஒன்று பி.சி.எல்.11ஏ என்னும் மரபணுவுக்குள் உள்ளது. கருவில் நமக்கிருந்த ஹீமோகுளோபினைப் பிறப்புக்குப் பின் அடக்கிவைப்பது இம்மரபணுவே. நோயாளியின் குருதி ஆக்கும் அணுக்களை வெளியே எடுத்து, காட்டா-1 பற்றும் அவ்விடத்தை வெட்டிச் சிதைத்து, மீண்டும் உடலில் செலுத்தினால் கரு ஹீமோகுளோபின் திரும்பவும் உருவாகிறது. அரிவாளணுச் சோகையின் கொடுவேதனை தணிகிறது. 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தன.

ஆனால் வெட்டும் கருவியும் எழுத்தைப் பார்த்தே இடம் அறிகிறது. ஒத்த எழுத்துள்ள வேற்றிடத்தை அது வெட்டிவிட்டால்? ஐயத்துக்குரிய இடங்களைக் கணிப்பொறி பட்டியலிடத்தான் செய்கிறது. எனினும் மனிதருக்கு மனிதர் எழுத்துகள் சிறிது மாறுபடுகின்றனவே! 2023 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு விவாதித்தது இதையே.

வேடன் காத்திருந்தால் இழப்பது ஓர் இரை. இங்கே காத்திருப்பவரோ வலியில் துடிக்கும் நோயாளி. நம் நீலகிரிப் பழங்குடியினரிடையேயும் இந்நோய் உண்டு. கணிதத்துக்குரிய உறுதியைக் கேட்டால் எந்த மருத்துவமும் நடவாது. எனவே வேடனுக்கு இட்ட தடையை மருத்துவருக்கும் அப்படியே இடுவது முறையன்று என்பது என் எண்ணம். ஆயினும், தவறு நேர்ந்தால் அதைச் சுமப்பது நோயாளியின் உடலே. எஞ்சிய ஐயம் எத்தகையது என்பதை அவர் தமக்குப் புரியும் மொழியில் கேட்டறிந்த பின்னரே இசைவு தர வேண்டும். இந்த மாற்றம் அவருடைய பிள்ளைகளுக்குச் செல்வதில்லை என்பது ஓர் ஆறுதல். சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.