அறியாதார்க்கும் சட்டம்

சட்டத்தை அறியாமை குற்றத்திற்குச் சாக்காகாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் போற்றி வரும் விதி. விதி தேவையானதே. அறியாமையைக் காட்டித் தப்பலாமெனின், அறியாதிருத்தலே ஆதாயமாகிவிடும். ஆயினும், அறிந்தே தீர வேண்டும் எனக் கட்டளையிடும் அரசுக்கு அறிவிக்கும் கடன் இல்லையா? உரோமப் பேரரசன் காலிகுலா வரிச் சட்டத்தை மிகச் சிறிய எழுத்தில், எவரும் படியெடுக்க இயலா இடுக்கில் ஒட்டச் செய்தான் என்கிறார் வரலாற்றாசிரியர் சுவெட்டோனியசு.

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் எவரும் அத்தகைய வஞ்சகம் செய்யவில்லை. விளைவு மட்டும் அதனின்று வெகுதொலைவில் இல்லை. 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. அதன் பெயரே தமிழ். அதனைச் சூழ்ந்த பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா), புக்கிட் ரோத்தான், ஈஜோக் ஆகிய பகுதிகளின் லயங்களில் வழங்கிய மொழியும் தமிழே. சட்டமோ ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதப்பட்டது.

1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன்னர் மரபு வழியில் மணந்தோரைப் பதிவு செய்தவராகவே சட்டம் கருதிற்று. பின்னர் மணந்தோர் பதிவு செய்தாக வேண்டும். ஒரே மாரியம்மன் கோயிலில், ஒரே சடங்குடன், ஒரு கிழமை இடைவெளியில் தாலி கட்டிய இருவரின் நிலை இவ்வாறு வேறாயிற்று. ஊரார் கண்ணுக்கு இரண்டும் திருமணமே. சட்டப்படி மணவாத பெற்றோருக்குப் பிறந்த பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையைக் கொண்டே பார்க்கப்படும். தாயின் பிறப்பே பதிவாகாதிருப்பின், தந்தை நீல அடையாள அட்டை வைத்திருந்தும் பிள்ளை நாடற்றதாகும் இடர் உண்டு.

இங்கேதான் வானொலியின் பணி பெரிதாகிறது. 1946இல் தொடங்கிய மலாயா வானொலி முதல் இன்றைய மின்னல் பண்பலை வரை, அரசு வானொலியின் தமிழ்ப்பிரிவு எழுத்தறியாதார் செவிக்கும் எட்டக்கூடியதாக இருந்து வந்துள்ளது. திருமணப் பதிவு, சேமநிதி, குடியுரிமை, குடும்ப வன்முறை என வழக்கறிஞரும் அதிகாரிகளும் தமிழில் உரையாடுவது, அரசு தன் கடனில் ஒரு பகுதியைத் தீர்ப்பதாகும்.

ஒரு பகுதியைத்தான். மனுநீதிச் சோழன் கதையில் தேர்க்காலையும் இளவரசனையும் வியக்கும் நாம், மணியின் கயிற்றைக் கருதுவதில்லை. அது பசுவின் வாய்க்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. (பசுவிடம் எவரும் கன்றின் பிறப்புச் சான்றிதழைக் கேட்கவுமில்லை.) வானொலியோ வீடுதோறும் ஒலிக்கும் மணி, கயிறு மட்டும் நிலையத்தில் இருக்கிறது. கலந்துரையாடல்கள் பெரும்பாலும் 'உரிய ஆவணங்களுடன் பதிவுத் துறையை அணுகுக' என முடிகின்றன. கேட்பவளின் இடர் அவ்விடத்தில்தான் தொடங்குகிறது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி இறந்துவிட்டாள், தோட்டம் கைமாறிற்று, கிராணி எழுதிய பேரேடு எங்கேயோ.

அறிவித்தால் மட்டும் போதுமா எனவும் கேட்கலாம். கேட்டும் சோம்பியிருந்தோர் உண்டு. பதிவு செய்தால் இன்னொருத்தியை மணக்க இயலாது என அறிந்தே, வேண்டுமென்று பதியாத ஆடவரும் உண்டு. அறிவு அவர்க்கு அறமாகவில்லை, கருவியாயிற்று. அவர்மீது அவ்விதி பாய்வது முறையே. ஆனால் பாய்வது அவர்மீது அன்று. அறிவிப்பைக் கேட்கவும் பிறவாத, அலட்சியம் செய்யவும் அறியாத பிள்ளைமீது. அறியாமை சாக்காகாது என்னும் விதி, தண்டிக்கப்படுவோன் அறிந்திருக்கக் கூடியவன் என்னும் அடிப்படையில் நிற்பது. அந்த அடிப்படை ஈண்டு இல்லை. ஆகவே இஃது அறிவிப்பின் குறை மட்டுமன்று, சட்டத்தின் குறையுமாகும். வானொலி உரையாளர் பலர் இதனைச் சொல்லத் தயங்குகின்றனர். பிரிவின் எண்ணைச் சொல்வதோடு நீதி பேசியதாக அமைந்து விடுகின்றனர்.

குறை வெளிப்படும் இடம் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியே. முதலாம் ஆண்டுச் சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழைக் கேட்கும் ஆசிரியரே சட்டத்தின் முதற்குரலாகிவிடுகிறார். உரிய ஆவணம் இல்லாதார் எதனைக் காட்டலாம், கோயில் தலைவரின் சான்று எவ்வளவு செல்லும், காலங்கடந்த பதிவிற்கு யார் உடன் வரவேண்டும் என்று தாய் அவரிடம் கேட்கிறாள். ஒரு மணி நேர ஒலிபரப்பில் இவற்றிற்குப் பத்து நிமிடமேனும் ஒதுக்கப்பட்டால், அந்தத் தாய் பள்ளி வாசலுக்கு வருமுன்பே விடை பெற்றிருப்பாள்.